அன்னாவுக்குத் துணை தேடிய ஆறு வருஷம்

2022 ஏப்ரல் நடுவில் ஒரு காலை, எங்கள் தோட்டத்து அன்னா ரக ஆப்பிள் மரத்தடியில் உதிர்ந்து கிடந்த பிஞ்சுகளைப் பொறுக்கினேன். பதினொன்று இருந்தன. எல்லாம் அரைநெல்லிக்காய் அளவு. சமையலறைப் பலகையில் வைத்து ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டினேன். ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து அறைகள் நட்சத்திரம் போலத் தெரியும். அறைக்கு இரண்டு என்று பொதுவாகப் பத்து விதைவரை பிடிக்க இடம் உண்டு. என் பிஞ்சுகளில் இருந்தது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. நாலைந்தில் ஒன்றுகூட இல்லை. விதை பிடித்த பக்கம் மட்டும் சதை வைத்து, மறுபக்கம் சூம்பிப்போய், எல்லாமே கோணல்.

அதுவரை தண்ணீரையும் உரத்தையும்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையைப் பார்த்த பிறகு சந்தேகமில்லை. மரத்துக்கு மகரந்தம் கிடைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்தில், மகரந்தம் தருவதற்கென்றே நட்டு வைத்த கிராப் ஆப்பிள் மரம் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அதில் பூ நிறைந்திருந்தது. அன்னா பூத்து முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நான் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம். கோடையில் வெயில் நம்ம திருநெல்வேலிக்குச் சளைத்ததில்லை, ஈரப்பதம் அதைவிட மோசம். குளிர்காலம் என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரு வாரம் ஸ்வெட்டர், அடுத்த வாரம் அரைக்கை சட்டை என்று மாறி மாறி வரும். இந்த மாதிரி இடத்தில் ஆப்பிள் வைக்க நினைப்பவர்கள் முதலில் படிப்பது குளிர்மணிக் கணக்கு. ஆப்பிள் இலையை உதிர்த்துத் தூங்கி எழும் மரம். 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை குளிர் எத்தனை மணிநேரம் சேர்ந்தது என்று மரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தன் கணக்கு நிறைந்தால்தான் மொட்டு சரியாக விழிக்கும். குளிர்நாட்டு ரகங்கள் பலவற்றுக்கு எண்ணூறு, ஆயிரம் மணி வேண்டும். எங்கள் தோட்டத்தில் நான் வைத்திருக்கும் சிறு கருவியின்படி நல்ல வருஷத்தில் நானூறைத் தொடும், மோசமான வருஷத்தில் இருநூற்றைம்பதோடு நின்றுவிடும்.

அதனால் அன்னாவைத் தேர்ந்தெடுத்தது சரிதான். இஸ்ரேலில் ஐன் ஷெமர் என்ற கூட்டுப்பண்ணையில் அப்பா ஸ்டைன் என்பவர் உருவாக்கிய ரகம் அது. ரெட் ஹதாசியா என்ற உள்ளூர் ரகத்தையும் கோல்டன் டெலிசியஸையும் சேர்த்து எடுத்தது. இருநூறு, முந்நூறு மணி குளிர் போதும். ஜூனிலேயே பழுக்கும். பச்சை மஞ்சளில் சிவப்பு பூசின மாதிரி, கொஞ்சம் புளிப்போடு நல்ல இனிப்பு. 2019 ஜனவரியில், எம்எம் 111 என்ற அடிச்செடியில் ஒட்டிய அன்னா ஒன்றை, வேரில் மண்ணில்லாத செடியாக வாங்கி நட்டேன். எங்கள் மண் ‘கம்போ’ என்று இங்கே சொல்லும் பிசின் களிமண். அதனால் ஓரடி உயரத்துக்கு மேடு போட்டு அதன்மேல் நட்டேன். நடுவது பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, மரம் நன்றாகவே வந்தது.

தப்பு நடந்தது இரண்டாவது மரத்தில்.

ஆப்பிளுக்குத் துணை மரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். செடி வாங்கிய இடத்தில், கிராப் ஆப்பிள் ஒன்று வைத்தால் எல்லா ஆப்பிளுக்கும் அது போதும் என்றார்கள். கிராப் ஆப்பிள் என்பது ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே காய்க்கும் சின்ன ஆப்பிள் இனங்களுக்கான பொதுப்பெயர். மரம் முழுக்கப் பூ வைக்கும், பூ நாள்கணக்கில் நிற்கும், மகரந்தமும் ஏராளம். பெரிய ஆப்பிள் தோட்டங்களிலேயே வரிசைக்கு நடுவில் இதை நடுகிறார்கள். அப்போது அவர்களிடம் இருந்தது ஸ்னோட்ரிஃப்ட் என்ற வெள்ளைப்பூ ரகம். சீட்டில் ‘சிறந்த மகரந்த மரம்’ என்று போட்டிருந்தது. வாங்கி வந்து நட்டேன். அது கடுங்குளிர் ஊர்களுக்கான மரம் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வருஷம் வந்த பூக்களைக் கிள்ளிவிட்டேன், மரம் வளரட்டும் என்று. 2021 பிப்ரவரி நடுவில் அந்தப் பெரிய உறைபனி வந்தது. ஹூஸ்டனில் கிட்டத்தட்ட மைனஸ் பத்து டிகிரி. மின்சாரம் போய் மக்கள் செத்த வாரம் அது. மரத்தைப் பற்றி யாரும் நினைக்கிற நேரமில்லை. அன்னாவின் மொட்டுகள் அப்போதே வீங்கியிருந்தன. அந்த வருஷப் பூவில் பெரும்பகுதி மொட்டிலேயே கருகிவிட்டது. அதனால் காய் இல்லாததற்குப் பனிதான் காரணம் என்று விட்டுவிட்டேன். ஸ்னோட்ரிஃப்ட் ஏப்ரல் முதல் வாரம் பூத்ததை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதினேனே தவிர அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

2022-இல் எந்தச் சாக்கும் இல்லை. அன்னா மார்ச் 4-ஆம் தேதி பூக்க ஆரம்பித்து 27 வரை பூத்தது. மரம் நிறைய பூ. ஸ்னோட்ரிஃப்டில் முதல் பூ ஏப்ரல் 11. அன்னாவில் இருபத்திரண்டு பிஞ்சு பிடித்து, பதினாறு உதிர்ந்து, ஆறு மிஞ்சியது. அந்த ஆறும் கோணல்.

அந்த வருஷம் அம்மா எங்களோடு இருந்தார்கள். பிஞ்சுகளை நான் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, “என்ன, ஆண்பனை, பெண்பனை மாதிரியா இதுவும்?” என்றார்கள். எங்கள் ஊரில் பனங்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் தோன்றும். பனையில் ஆண் மரம் வேறு, நுங்கு காய்க்கும் மரம் வேறு. ஆப்பிளில் அப்படி இல்லை, ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு, ஆனால் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது என்றேன். பக்கத்தில் இன்னொரு அன்னா வைத்தாலும் பயனில்லை. ஒட்டுக் கட்டி வருகிற மரங்கள் எல்லாம் ஒரே மரத்தின் துண்டுகள்தானே, பத்து அன்னா நின்றாலும் அது ஒரே அன்னாதான். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “பங்காளி வீட்டில பொண்ணு எடுக்காது, அவ்வளவுதானல” என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு கச்சிதமாக இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு ஆப்பிள் ரகத்துக்கும் இரண்டு குல அடையாளங்கள் உண்டு. அவற்றை எண்ணால் குறிக்கிறார்கள். கோல்டன் டெலிசியஸுக்கு 2, 3. மகரந்தத்தூள் ஒவ்வொன்றும் அந்த இரண்டில் ஒன்றைச் சுமந்து வரும். சூல்முடியில் விழுந்து குழாய் விட்டு இறங்கும்போது, அந்தப் பூவின் இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்றோடு தூளின் எண் ஒத்துப்போனால், பூவே ஒரு நொதியால் அந்தக் குழாயை நடுவழியில் நிறுத்திவிடும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் முழுப் பங்காளி, பெரும்பாலும் காய் பிடிக்காது. ஒன்று மட்டும் ஒத்துப்போனால் பாதித் தூள் வீண், பாதி வேலை செய்யும். கிராப் ஆப்பிளுக்கு இதில் நல்ல பெயர் வந்ததற்கு இதுவும் காரணம். அது தூரத்து இனம், தோட்ட ஆப்பிள்களோடு எண் ஒத்துப்போவது அரிது.

ஆக, கிராப் ஆப்பிள் என்ற யோசனையில் குற்றமில்லை. நாள்தான் ஒத்துவரவில்லை. குளிர்நாட்டில் எழுதிய பூப்பு அட்டவணைகளை நம்பி எங்கள் மாதிரி ஊரில் மரம் வாங்கக் கூடாது என்பது அந்தக் கோடையில்தான் எனக்குப் புரிந்தது. குளிர்நாட்டில் எல்லா ரகத்துக்கும் வேண்டிய குளிர் டிசம்பர், ஜனவரியிலேயே நிறைந்துவிடும். அப்புறம் வெயில் ஏறுவதைப் பொறுத்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, பத்துப் பதினைந்து நாளுக்குள் பூக்கும். அந்த வரிசை வருஷத்துக்கு வருஷம் அதிகம் மாறாது. வெப்ப ஊரில் குளிர் போதாத மரம் வெயில் வந்த பிறகும் விழிக்காமல் இழுத்துக்கொண்டே போகும். குறைந்த குளிர் கேட்கும் அன்னா பிப்ரவரி கடைசியிலேயே எழுந்துவிடும், ஆயிரம் மணி கேட்கும் மரம் ஏப்ரலில்தான் கண் திறக்கும். குளிர் குறைந்த வருஷத்தில் இடைவெளி இன்னும் அகலமாகும். 2021 டிசம்பர் டெக்சாஸில் பதிவான டிசம்பர்களிலேயே மிக வெப்பமானது. 2022-இல் என் இரண்டு மரங்களும் இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளி நின்றதில் அதற்கும் பங்கு உண்டு.

குளிர்மணியை எண்ணுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெறுமனே மணிகளைக் கூட்டினால் எங்கள் ஊருக்குக் கணக்கு தப்பும். ராத்திரி சேர்த்த குளிரை மத்தியான வெயில் தின்றுவிடும். 1974-இல் யூட்டாவில் உருவாக்கிய முறையில், 16 டிகிரிக்கு மேலே போகிற மணிகளைக் கழிக்கிறார்கள். பிறகு இஸ்ரேலில் வந்த முறை வெப்ப ஊர்களுக்கு இன்னும் பொருத்தமானது. நான் நோட்டில் எண்ணுவது பழைய முறையில்தான், ஆனால் 25 டிகிரி அடித்த மத்தியானங்களைச் சிவப்பு மையில் குறித்துவைக்கிறேன். அடுத்த மார்ச்சில் எந்த மரம் பிந்தும் என்று அந்தச் சிவப்புக் கோடுகளே பாதி சொல்லிவிடுகின்றன.

ஸ்னோட்ரிஃப்டை எடுத்துவிட முடிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் கடைசியில் அதன் பூங்கொத்துகள் திடீரென்று கருகித் தொங்கின. கிளை நுனி ஊன்றுகோல் மாதிரி வளைந்து, இலைகள் நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்தன. ஃபயர் பிளைட் என்ற பாக்டீரியா நோய். அது நுழையும் முக்கியமான வாசல் பூ. வெதுவெதுப்பும் மழையும் சேர்ந்த நாளில் பூ திறந்திருந்தால் தேனீயே அதைச் சுமந்து வந்து உள்ளே விட்டுப்போகும். எங்கள் ஊரில் ஏப்ரல் கடைசி என்பது முழுக்க அந்த மாதிரி நாள்கள்தான். பிந்திப் பூக்கும் மரம் உதவாமல் போவதோடு நிற்காது, நோய்க்கு வாசலாகவும் ஆகிவிடும். கருகிய இடத்திலிருந்து ஓரடி கீழே, நல்ல மரத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. டிசம்பரில் வேரோடு எடுத்தேன். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிய மரத்தை வெட்டுவது மனசுக்கு லேசான காரியமில்லை.

அந்த இடத்தில் என்ன வைப்பது என்று தேடியதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். டெக்சாஸுக்கே சொந்தமான பிளாங்கோ கிராப் உண்டு, நடு டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளர்வது, அழகான இளஞ்சிவப்புப் பூ. எங்கள் களிமண்ணுக்கு அது ஒத்துவருமென்று தோன்றவில்லை. தென்கிழக்கு மாநிலங்களின் காட்டு மரமான சதர்ன் கிராப் இந்த வெப்பத்துக்குப் பழகியது, மணமும் அருமை. ஆனால் எங்கள் பின்வேலியை ஒட்டிச் சிவப்பு சீடார் மரங்கள் நிற்கின்றன. சீடாருக்கும் ஆப்பிளுக்கும் இடையில் மாறி மாறிக் குடியிருக்கும் துரு நோய் ஒன்று உண்டு. வசந்த மழைக்குப் பிறகு சீடாரில் ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி போலத் தொங்குமே, அதுதான். இந்த நோய்க்கு நம் நாட்டுக் கிராப் என்று இங்கே சொல்லும் காட்டு இனங்கள் சீக்கிரம் ஆளாகும். கடைசியில் காலவே என்ற ரகத்தில் வந்து நின்றேன். ஜார்ஜியா மாநிலத்தில் காலவே தோட்டத்திலிருந்து வந்தது. மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. தெற்கு மாநிலங்களின் குறைந்த குளிருக்கும் நோய்களுக்கும் தாக்குப்பிடிப்பதாக நல்ல பெயர். காயும் கிராப்பில் கொஞ்சம் பெரியது, சிவப்பு, சமையலுக்கு ஆகும். 2023 ஜனவரியில் ஐந்தடி மரமாக வாங்கி நட்டேன். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று இந்த முறை பார்க்கவே இல்லை. தெற்கில் இதை வளர்ப்பவர்கள் எந்த வாரம் பூக்கிறது என்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டேன்.

ஆனால் புது மரம் பூக்க வருஷம் ஆகும். அதுவரை அன்னா சும்மா பூத்துக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுகர்லேண்டில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் வீட்டில் டார்செட் கோல்டன் மரம் இருக்கிறது. அந்த ரகத்தின் கதையே தனி. பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நசாவு ஊரில், ஐரீன் டார்செட் என்ற பெண்மணியின் தோட்டத்தில் வந்த நாற்று அது. குளிரே இல்லாத தீவில் ஓர் ஆப்பிள் மரம் காய்த்தது என்றால் அதைவிட நல்ல சாட்சி என்ன வேண்டும்? நூறு, நூற்றைம்பது மணி குளிரிலேயே விழித்துவிடும். அன்னாவுக்கு ஜோடி என்று வெப்ப ஊர்களில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு சந்தேகம் வந்தது. டார்செட் கோல்டனும் கோல்டன் டெலிசியஸின் வாரிசு என்றே கருதுகிறார்கள். அன்னாவும் கோல்டன் டெலிசியஸின் பிள்ளை. அப்படியென்றால் பங்காளி ஆகாதா? ஆகாது. ஆளுக்கு ஓர் எண்தான் அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும். அது ஒன்றாகவே இருந்தாலும் மற்ற எண் வேறாக இருந்தால் பாதித் தூள் செல்லும். ஆப்பிளுக்கு அந்தப் பாதியே போதும்.

2023-இல் பிப்ரவரி சூடாக வந்ததில் அன்னா 19-ஆம் தேதியே திறந்துவிட்டது. 22-ஆம் தேதி விடியற்காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் ஐந்து கிளைகள் வெட்டினோம். கைநீளக் கிளைகள். ஆப்பிளில் ஒரு கொத்துக்கு ஐந்தாறு பூ. நடுப்பூ முதலில் திறக்கும், சுற்றியுள்ளவை பிறகு. நடுப்பூ விரிந்து மற்றவை பலூன் மாதிரி உப்பி நிற்கிற கிளைகளாகப் பார்த்து எடுத்தோம், அப்போதுதான் மூன்று நாளுக்கு மகரந்தம் தொடர்ந்து வரும். மரத்தில் கருகல் ஒன்றும் இல்லை என்று முதலில் சுற்றிப் பார்த்துக்கொண்டோம், நோயுள்ள மரத்திலிருந்து பூக்கிளை கொண்டு வந்தால் நோயையும் சேர்த்து அழைத்து வந்த மாதிரி. வீட்டுக்கு வந்து பெயின்ட் வாளிகளில் தண்ணீர் ஊற்றி, கிளைகளைச் செருகி, அன்னாவின் நடுவிலும் ஓரத்திலுமாக மூன்று இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

பத்து மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறிக் காற்று பதினைந்து டிகிரியைத் தாண்டின பிறகு தேனீக்கள் வந்தன. பதிமூன்று டிகிரிக்குக் கீழே தேனீ பெரும்பாலும் கூட்டைவிட்டுக் கிளம்பாது. ஒரு தேனீயையே குறிவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியில் இருந்த டார்செட் பூவில் இறங்கியது, மகரந்தப் பைகள் மேல் உருண்டது, பின்கால்களில் மஞ்சளாக அப்பியது, எழுந்து, ஒரு முழத் தூரத்தில் இருந்த அன்னாவின் நடுப்பூவில் போய் உட்கார்ந்தது. நான்கு வருஷமாக அந்த மரத்துக்கு இல்லாமல் போனது இந்த ஒரு முழத் தூரம்தான். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

வாளித் தண்ணீரைத் தினமும் மாற்றினேன், நாலாம் நாள் பூ உதிரத் தொடங்கியது. அந்த வருஷம் அறுபத்தொரு பிஞ்சு நின்றது. கொத்துக்கு ஒன்று வீதம் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் சிறுத்துப்போகும். அம்மாவிடம் வீடியோவில் காட்டினபோது, “பிஞ்சைப் பறிக்காதல, பாவம்” என்றார்கள். நாற்பது விட்டேன். கிள்ளியவற்றை வெட்டிப் பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்றில் ஒன்பது விதை. ஒரு பிஞ்சுகூடக் கோணல் இல்லை.

வருஷா வருஷம் வாளி கட்ட முடியாது. 2024 ஜனவரி முதல் வாரம் அண்ணாச்சி மரத்தில் பென்சில் தடிமனில் குச்சிகள் வெட்டி வந்தேன். ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். பழம் வைக்கும் தட்டில் வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உறங்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பிப்ரவரி நடுவில் அன்னாவின் மொட்டு வீங்கத் தொடங்கியதும் ஒட்டுக் கட்டினேன். ஐந்து கிளையில். கிளையையும் குச்சியையும் ஒரே அளவில் சாய்வாகச் சீவி, இரண்டிலும் நாக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று மாட்டுகிற முறை. பட்டைக்குக் கீழே இருக்கும் பச்சை அடுக்கு ஒரு பக்கமாவது சரியாக ஒட்டி நிற்க வேண்டும், வேலையே அதுதான். கட்டுவதற்கு ஒட்டு நாடா விற்கிறார்கள். நான் எங்கள் தாத்தா செய்ததுபோல சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே மெழுகு பூசினேன். மூன்று பிடித்தது. ஜூலை 8-ஆம் தேதி பெரில் புயல் வந்தபோது ஒன்று ஒட்டிலேயே முறிந்துவிட்டது. மூங்கில் குச்சி வைத்துக் கட்டியிருந்தால் நின்றிருக்கும். மற்ற இரண்டுக்கும் மறுநாளே கட்டினேன். அந்தக் கிளைகளில் வெள்ளைத் துணியும் சுற்றி வைத்திருக்கிறேன். இலையில்லாத ஜனவரியில் கவாத்துச் செய்யும்போது எது அன்னா, எது டார்செட் என்று தெரியாமல் ஒட்டுக் கிளையையே வெட்டிவிடுகிறவர்கள் பலர்.

டார்செட் கிளை இருக்கும்போது காலவே எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். எங்கள் ஊரில் ஒரே துணையை நம்பக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சூடான வருஷத்தில் டார்செட் அன்னாவுக்கு முன்னாலேயே எழுந்துவிடும். விரிந்த பூ மைனஸ் 2 டிகிரியைத் தாங்காமல் பத்தில் ஒன்று சாகும், மைனஸ் 4-ஐத் தொட்டால் பத்தில் ஒன்பது சாகும். முந்தி எழுந்தது முந்திப் போகும். அப்படியொரு வருஷத்தில் அன்னாவின் பின்பாதிப் பூவுக்கு யார்? குளிர் போதாத வருஷத்தில் அன்னாவே ஒரேயடியாகப் பூக்காமல் மூன்று வாரம், நாலு வாரம் என்று விட்டு விட்டுப் பூக்கும். அந்த நீளத்தை மூட, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு துணை வேண்டும். காலவே பிந்தித் தொடங்கி நீளமாக நிற்பது.

2025 ஜனவரி 21 அன்று ஹூஸ்டனில் பனி கொட்டியது. வாசல் முழுக்க வெள்ளை, என் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறை வீட்டு வாசலில் பனி பார்த்தார்கள். மரங்கள் எல்லாம் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷ நோட்டுக் குறிப்பை அப்படியே தருகிறேன்: டார்செட் கிளை மார்ச் 1, கொத்துகள் குறைவு. அன்னா மார்ச் 4 முதல் 25. காலவே மார்ச் 13 முதல் 31. எழுபத்து மூன்று பிஞ்சு நின்றது. ஜூன் 14 காலையில் முதல் கூடை பறித்தோம்.

துணை மரம் தேடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் எங்கள் தெருக்கள் முழுக்க வெள்ளையாகப் பூக்கும் பிராட்ஃபோர்ட் பேரி மரம் ஆப்பிளுக்குத் துணையாகாது. பூ பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் இனம் வேறு. கிராவன்ஸ்டைன், ஜோனகோல்ட், முட்சு போன்றவை மும்மடி ரகங்கள், அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதி உள்ளவை, அவற்றின் மகரந்தம் உதவாது. வைன்சாப்பின் மகரந்தமும் மலடு. ‘தானே காய்க்கும்’ என்று போட்டு அன்னாவையும் டார்செட்டையும் விற்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, தனியாக நின்றாலும் சில காய் வைக்கும். 2022-இல் என் மரம் வைத்த ஆறு காய்தான் அந்தச் சில. அப்புறம் தூரம். துணை மரம் ஐம்பது அடிக்குள் இருந்தால் நல்லது. அதைவிட, மரத்துக்குள்ளேயே ஒரு கிளையாக இருந்தால் இன்னும் நல்லது.

பெங்களூர், ஓசூர் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். அங்கே இப்போது அன்னா, டார்செட் கோல்டனோடு எச்ஆர்எம்என் 99 என்ற ரகமும் கிடைக்கிறது. இமாச்சலத்தில் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தாழ்ந்த, வெப்பமான நிலத்தில் வளர்த்தெடுத்தது. குளிரே வராத ஊரில் மரம் இலையை உதிர்க்காமல் நிற்கும், உறங்காது. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் மலாங், பாத்து என்ற ஊர்களை ஒட்டிய மலைகளில், அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு மரத்தை மறுபடி பூக்க வைக்கிறார்கள், வருஷத்துக்கு இரண்டு மகசூல்கூட எடுக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி: துணை மரத்தின் இலையையும் அதே வாரத்தில் உருவினால் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பூக்க வைக்கலாம். எங்கள் ஊரிலும் ஜனவரி நடுவில் அன்னாவில் பச்சை இலை ஒட்டிக்கொண்டிருந்தால் நான் உருவிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் அம்மா மறுபடி வந்திருந்தார்கள். காலவேயில் சுண்டைக்காயைவிடப் பெரிதாக, சிவப்பாகக் காய்கள் குலைகுலையாகத் தொங்கின. ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். புளிப்பு, கூடவே துவர்ப்பு. “அரைநெல்லி மாதிரில்ல இருக்கு” என்று ஒரு கிண்ணம் பறித்து வரச் சொன்னார்கள். நாலாக நறுக்கி, விதை எடுத்து, உப்புப் போட்டு இரண்டு நாள் ஊறவைத்து, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப்பொடி, மிளகாய்ப்பொடி, பெருங்காயம் போட்டு ஊறுகாய் ஆக்கினார்கள். தயிர்ச்சோற்றுக்கு அப்படி ஒரு பொருத்தம். ஒரு பாட்டிலை அண்ணாச்சி வீட்டில் கொடுத்தேன். வரும் ஜனவரியில் அன்னாக் குச்சி நாலு வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார், அவர் டார்செட்டில் ஒட்டுவதற்கு. காலவேயிலும் இரண்டு சேர்த்து வெட்டி வைக்கப் போகிறேன்.